ஆரு தப்புங்க?

படம் போய்விட்டால் உலகத்திலுள்ள கேபிள்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார்கள். “மேலயே வரல சார்.” மேலே என்றால் எங்கே, அங்கே யார் இருக்கிறார்கள், யாரைப் போய்ப் பிடிப்பது என்று எவனுக்கும் தெரியாது. ஆகாயத்தைக் கைகாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் நான் குடியிருந்த லைன் வீடுகளுக்குக் கேபிள் விட்டிருந்த அக்கா மட்டும் அந்தப் பதிலை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, அதன் பையில் கட்டிங் பிளேயரும் கறுப்பு டேப்பும் வைத்திருப்பார். வீட்டுக்காரர் குண்டடத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். இவர் இங்கே மொட்டை மாடியில் ஒரு டிஷ், மாடிக்குக் கீழே ஒரு கன்ட்ரோல் ரூம், முந்நூறு வீட்டு இணைப்பு என்று தனியாக ஒரு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தார். படம் போன பத்தாவது நிமிஷம் மொபெட் சத்தம் கேட்கும். கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறுவார். சரிசெய்துவிட்டு அப்படியே போய்விட மாட்டார். ஒவ்வொரு வாசலாக வந்து நின்று, தப்பு யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

“ஏனுங்க, அணில் ஒயரக் கடிச்சுப்போட்டுதுங்க. அணிலு மேல தப்பில்லீங்க. கொழாய்க்குள்ள உடாம சும்மா உட்டது நானுங்க. என்ற தப்பு.”

அவ்வளவுதான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சே கிடையாது. தப்புக்கு ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அவர் தலையில் அதை இறக்கிவைத்துவிட்டால் அவருக்கு நிம்மதி. ‘ஆரு தப்புங்க?’ என்று கேட்டுக்கொண்டே வருவதால் எங்கள் வரிசைப் பிள்ளைகள் அவருக்கு ‘ஆருதப்பு அக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

தப்பு நம்முடையதாக இருந்தாலும் விடமாட்டார். பக்கத்து வீட்டில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் சர்ச் பூசை பார்க்காவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஒரு ஞாயிறு பூசை நடுவில் படம் போய்விட்டது. டெய்லர் வாசலில் நின்று அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்கா உள்ளே போய் டிவியின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கேபிள் ஒயரின் பின் நிற்காமல் ஆடுகிறதென்று யாரோ தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். “உங்க தப்புங்கண்ணா. தீக்குச்சி வெச்சா நிக்குமுங்களா?” என்று சொல்லி, புதுப் பின் ஒன்றை மாட்டிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பொண்டாட்டி முன்னால் மானம் போய்விட்டது என்று டெய்லர் ஒரு வாரம் குதித்தார். இணைப்பையே வெட்டப் போகிறேன் என்றார். வெட்டவில்லை. பிறகு அந்த வரிசையில் அக்காவுக்கு அவரைவிடப் பெரிய ஆதரவாளர் கிடையாது.

அவரிடம் இன்னொரு விசேஷம். எங்கள் தெற்கத்திப் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை பறந்துவிடும். அக்காவுக்குக் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரணமாக ‘வாங்க தம்பி’ என்பவர், முறைத்துக்கொண்டால் ‘வாங்க சாருங்க’ என்பார். ஒருமுறை பனியன் கம்பெனி லாரி ஒன்று துணி ரோலை உயரமாக அடுக்கிக்கொண்டு வந்து, ரோட்டுக்குக் குறுக்கே போன ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா நேராகக் கம்பெனிக்குப் போய்விட்டார். முதலாளி நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, புதுச் சுருள் ஒயரே வாங்கித் தரச் சொல்கிறேன் என்றாராம். ஒயர் என்னிடம் இருக்கிறது, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் போய்விடுகிறேன் என்றாராம் இவர். செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் அரைநாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் அங்கே வேலை பார்த்த அத்தனை பெண்கள் முன்னாலும் முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். அக்கா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவரே ஒரு காலத்தில் அப்படியொரு டேபிளில் செக்கிங் வேலை பார்த்தவர்தான். கைக்குழி அளவு தப்பி ஒரு லோடு துணி திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் தையல்காரப் பெண்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறான். இவர் கட்டிங் மாஸ்டருடைய பேட்டர்ன் அட்டையை எடுத்து அளவுநாடாவோடு அவன் முன்னால் வைத்திருக்கிறார். தப்பு யாருடையது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. மறுநாள் வேலையை விட்டு நிறுத்தப்பட்டது மாஸ்டர் அல்ல, இவர். அதற்குப் பிறகுதான் கேபிள்.

இனி என் கதை. நான் கோவில்பட்டிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு மச்சான் கூப்பிட்டான் என்று திருப்பூருக்கு வந்தவன். கைப்பேசியில் இன்டர்நெட் என்பதெல்லாம் இன்னும் வராத வருஷங்கள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு பிரிண்ட் டிசைனை அனுப்பினால் டெலிபோன் ஒயர் வழியாக அது இறங்கி முடிய அரைநாள் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தத் தவிப்பைப் பார்த்துத்தான் ஒயரே இல்லாமல் இன்டர்நெட் தருகிறோம் என்று ஒரு கம்பெனி கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியது. நான் அதில் சர்வே ஆளாகச் சேர்ந்தேன். எந்தக் கட்டடத்தின் உச்சியில் ஆன்டெனா வைத்தால் எத்தனை கம்பெனிக்கு எட்டும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை.

வானொலி அலைகளில் எந்தத் துண்டு யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது அரசாங்கம். அந்த வருஷங்களில் அதைப் புதிதாகப் பிரித்தார்கள். கம்பியில்லா இன்டர்நெட்டுக்கு என்று ஒரு துண்டை ஒதுக்கினார்கள். அதை ஒட்டினாற்போல அடுத்த துண்டில்தான் செயற்கைக்கோளிலிருந்து டிவி சேனல்கள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் வேலி கிடையாது. வண்டிப்பாதை அளவுகூட இடம் விடவில்லை. ஊரில் நிலத்தை அளக்கிற சர்வேயர்கூடப் பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கூப்பிட்டுக் கல் நடுவார். இவர்கள் டெல்லியில் உட்கார்ந்து அளந்தார்கள், கல் நட்டார்கள், கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருக்கிறதா என்று ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் பொறுப்பை என்னைப் போன்ற ஆளிடம் விட்டார்கள், ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து.

அருள்புரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி மேலே ஆன்டெனா வைக்கலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தொட்டியை மறைப்பில்லாமல் பார்க்கிற இடம் அக்காவின் மொட்டை மாடி. கேட்டேன். தாராளமாக வாங்க தம்பி என்றார். மேலே கூட்டிக்கொண்டு போய் டிஷ்ஷைக் காட்டினார். பன்னிரண்டு அடி வலை டிஷ். காங்கேயத்தில் கேபிள் தொழிலை விட்ட ஒருவரிடமிருந்து வாங்கி, நான்கு துண்டாக டெம்போவில் கொண்டுவந்து, மூன்று நாள் வெயிலில் நின்று தானே திசை பிடித்தாராம். காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கீழே போனார். டிஷ்ஷின் காலில் என் பையை மாட்டினேன். டிஷ்ஷின் நிழலில்தான் உட்கார்ந்தேன். படிவத்தை எடுத்து நிரப்பினேன்.

ஒன்பதாவதோ பத்தாவதோ ஒரு கேள்வி இருந்தது. அரை கிலோமீட்டருக்குள் செயற்கைக்கோள் டிஷ் எதுவும் உள்ளதா?

நான் ஒன்றும் யோசிக்காமல் எழுதிவிடவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கேட்டேன். சிக்னலை அனுப்புகிற டிஷ்ஷா, வாங்குகிற டிஷ்ஷா என்று கேட்டார் எங்கள் இன்ஜினீயர். வாங்குகிறதுதான் சார் என்றேன். வாங்குகிற டிஷ்ஷுக்கு லைசென்ஸ் கிடையாது, லைசென்ஸ் இல்லாத எதுவும் நம் கணக்கில் கிடையாது, ‘இல்லை’ என்று போடு என்றார். போட்டேன். பன்னிரண்டு அடி டிஷ்ஷின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, அதன் சொந்தக்காரி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, ‘இல்லை’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். இன்ஜினீயரைத் திட்டலாம். அவன் டிஷ்ஷைப் பார்க்கவில்லை. டெல்லிக்காரனைத் திட்டலாம். அவன் அருள்புரத்தையே பார்த்ததில்லை. பேனா என் கையில் இருந்தது.

இரண்டு மாதத்தில் தொட்டி மேல் ஆன்டெனா ஏறியது. அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வரிசையில் படம் உடைய ஆரம்பித்தது. மூஞ்சி பாதி தெரியும்போது கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே நிற்கும். சத்தம் வரும், போகும். அக்கா கனெக்டரை எல்லாம் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் இறங்கியிருக்கிறது, என் தப்பு என்று முந்நூறு வாசலிலும் சொன்னார். சரியாகவில்லை. டிஷ் திசை அசைந்திருக்கிறது, என் தப்பு என்று சொல்லி ஒருநாள் முழுக்க மாடியில் நின்று திசை பிடித்தார். சரியாகவில்லை. டிஷ் நடுவில் மாட்டுகிற எல்.என்.பி. கெட்டுவிட்டது, பழசையே ஓட்டியது என் தப்பு என்று புதுசு மாற்றினார். அப்போதும் கட்டம். படம் போனதைவிட, மூன்று முறை தப்பைத் தப்பான ஆளிடம் இறக்கிவைத்துவிட்டோமே என்பதுதான் அவரை அறுத்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று டெய்லரின் வீட்டுக்காரம்மா சொன்னார். நான் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரம் சாய்த்து வைத்திருந்தார். தம்பி, நீங்க இதைப் பிடித்துக்கொண்டு டிஷ்ஷைச் சுற்றி மெதுவாக நடங்க, நான் கீழே டிவியைப் பார்க்கிறேன் என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகவே கண்டுபிடித்த வழி அது. நான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெற்கே ஒன்றுமில்லை. கிழக்கே ஒன்றுமில்லை. வடக்கே வந்து நின்றதும் கீழேயிருந்து குரல் வந்தது, “அங்கயே நில்லுங்க தம்பி. வந்துருச்சுங்க.” ஓரடி நகர்ந்தேன். போச்சுங்க என்றார். திரும்பி வந்தேன். வந்துருச்சுங்க என்றார்.

மேலே ஏறி வந்து, நான் பிடித்திருந்த தகரத்துக்கு மேலாக எட்டி வடக்கே பார்த்தார். தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் வெள்ளைப் பெட்டி.

“அது உங்க கம்பெனீதுதானுங்களே தம்பி?”

“ஆமாக்கா.”

“அப்ப ஆரு தப்புங்க?”

நான் ஒரு பாடமே நடத்தினேன். அரசாங்கம் ஒதுக்கிய துண்டில்தான் எங்கள் பெட்டி பேசுகிறது. உங்கள் டிஷ் பக்கத்துத் துண்டில் கேட்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வருவது முணுமுணுப்பு, இது காதோரம் நின்று கத்துகிற மாதிரி, அதனால் உங்கள் எல்.என்.பி. திணறுகிறது. யாரும் எல்லை தாண்டவில்லை, எல்லாம் கவர்ன்மென்ட் பிரித்துக் கொடுத்த விதம் என்றேன். முழுசும் கேட்டார். புரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

“கவருமெண்டுங்கறது ஆளில்லீங்களே தம்பி. இந்த எடத்துல வெக்கலாமுன்னு ஆரோ ஒருத்தரு பாத்து எழுதியிருப்பாங்கல்லங்க. அவங்க ஆருங்க?”

தெரியாதே அக்கா என்றேன். கையில் இன்னும் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வடக்குப் பக்கம் தகரத்திலேயே ஒரு சுவர் எழுப்பினார். ஒரு மாதம் படம் ஓரளவு வந்தது. ஆடி பிறந்தது. பல்லடம் பக்கத்து ஆடிக்காற்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தகரம் பிய்த்துக்கொண்டு போய் அடுத்த காம்பவுண்டுக்குள் விழுந்தது. நல்லவேளையாக அங்கே யாரும் இல்லை. அந்த வீட்டுக்கும் போய் என் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. டவுனிலிருந்து பெரிய கேபிள் கம்பெனிக்காரர்கள் காரில் வந்தார்கள். டிஷ்ஷைக் கழற்றிப் போடுங்கள், எங்கள் ஒயரிலிருந்து லைன் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் வசூல் மட்டும் பாருங்கள் என்றார்கள். நல்ல யோசனைதானே அக்கா என்று நான்கூடச் சொன்னேன். சொல்ல எனக்கு வாய் இருந்தது பாருங்கள்.

“அவங்க லைன எடுத்தா, படம் போனா ஆரு தப்புன்னு எனக்கே தெரியாதுங்களே தம்பி. மேலயே வரலீங்கன்னு சொல்லோணும். அந்தப் பொழப்பு எனக்கெதுக்குங்க?”

அவருக்கு அந்த டிஷ் என்னவாக இருந்தது என்று அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. விளங்கியும் மறுநாள் காலையில் வழக்கம்போலக் கம்பெனிக்குக் கிளம்பிப் போனேன்.

மனு எழுத ஆரம்பித்தார். கேபிள் பதிவு செய்த தபால் ஆபீசுக்கு, கலெக்டருக்கு, சென்னைக்கு, டெல்லிக்கு. உங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு காகிதம் வரும். உரிய துறை எது என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. கடைசியாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. படித்துச் சொல்லச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். இரண்டே வரி. வெறுமனே வாங்குகிற டிஷ்ஷுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் இல்லாததால் அதற்கு இடையூறிலிருந்து பாதுகாப்பு கோர முடியாது. படிக்கும்போதே எனக்கு உடம்பு எரிந்தது. உரிமம் வேண்டாம் என்று சொன்னதும் இவன். உரிமம் எங்கே என்று கேட்பதும் இவன். கத்துகிறவனுக்கு ஊரெல்லாம் சட்டம், கேட்கிறவனுக்கு ஒரு நாதியும் கிடையாது. இதை எழுதின கை நாசமாய்ப் போக என்று சத்தமாகவே திட்டினேன். திட்ட வேண்டாம் என்று அக்கா என்னைத் தடுத்தார். உரிமம் கேட்டு வாங்காதது என் தப்பா, வாங்கு என்று சொல்லாதது அவர்கள் தப்பா, அதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள் தம்பி என்றார். நான் டெல்லிக்காரன் மேல் கோபப்பட்டதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனுக்களில் ஏதோ ஒன்று எங்கோ போய் முட்டியிருக்கிறது. சென்னையிலிருந்து கருவிகளோடு ஒரு வேன் வந்தது. வந்த அதிகாரி மோசமானவர் அல்ல. மாடியில் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று அளந்தார். இடையூறு உண்மைதான் என்று அவர் வாயாலேயே சொன்னார். கம்பெனி சார்பில் மேனேஜரும் நானும் போயிருந்தோம். மாடிப்படி முழுக்கத் தெரு ஜனம்.

அதிகாரி ஒரு வழி சொன்னார். சட்டப்படி அந்த அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் ஆன்டெனா வருவதற்கு முன்னாலேயே டிஷ் இங்கே இருந்தது என்று உறுதியானால், ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பச் சொல்லி நான் எழுத முடியும். டிஷ் பிறகு வைத்ததென்றால் அது அந்த அம்மா பாடு. டிஷ் வாங்கிய பில் இருக்கிறதா? பழைய டிஷ், பில் இல்லை. தபால் ஆபீஸ் பதிவில் டிஷ் எங்கே இருக்கிறது என்று எழுத இடமே இல்லை. ஏழு வருஷமாக இருக்கிறது சார் என்று படியில் நின்ற டெய்லர் கத்தினார். கூட ஐம்பது பேர் கத்தினார்கள். நீங்கள் எல்லாம் இந்த அம்மாவின் வாடிக்கையாளர்கள், உங்கள் பேச்சை எழுத முடியாது, எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால் எழுதலாம் என்றார் அதிகாரி. ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

சர்வே பண்ணியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அன்றைக்கு இந்த டிஷ் இங்கே இருந்ததா என்று கேட்டார்.

வருகிற வழியில் ஜீப்பில் மேனேஜர் அதிகம் பேசவில்லை. ஃபாரத்தில் என்ன இருக்கோ அதுதான் நம்ம பேச்சு என்று மட்டும் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. இதெல்லாம் காரணமா என்று என்னைக் கேட்டால், காறித் துப்புவேன். காரணம் ஒன்றுதான். அந்த நிமிஷம் ‘இருந்தது’ என்று சொல்லியிருந்தால், அக்கா தேடிக்கொண்டிருந்த ஆள், டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதியவன், நான்தான் என்பதை முந்நூறு வீட்டு ஜனத்துக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. விடை தெரிந்த ஒருவர் அடுத்தவர் விடை சொல்வதற்காகக் காத்திருக்கிற பார்வை.

“இருந்த மாதிரி ஞாபகம் இல்ல சார்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். டெய்லர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். இருக்கட்டுங்கண்ணா என்று அக்கா அவரை நிறுத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன்.

பிற்பாடு கேள்விப்பட்டேன். பெரிய பெரிய டிவி கம்பெனிக்காரர்களின் டிஷ்ஷிலும் இதே கட்டம் விழுந்திருக்கிறது. அவர்கள் போன் போட்டதும் டெல்லியில் நாற்காலிகள் நகர்ந்திருக்கின்றன. கூட்டம் போட்டார்கள், ஃபில்டர் என்றார்கள், இத்தனை தூரம் தள்ளி வை என்றார்கள். வாங்குகிற டிஷ்ஷும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது அப்போது. எங்கள் கம்பெனியின் வெள்ளைப் பெட்டிகளோ, எண்ணி நாலு வருஷத்தில் யாருக்கும் வேண்டாததாகிப் போயின. அதற்குப் போய் ஒரு மனுஷியின் பிழைப்பை உடைத்தோம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பல்லைக் கடித்து யாருக்கு என்ன?

வேன் வந்து போன மறு வாரம் டிஷ் இறங்கியது. நான்கு துண்டாகக் கழற்றி, பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர்கடைக்காரன் வண்டியில் ஏற்றிப் போனான். அடுத்த நாள் காலையில் அக்கா எங்கள் வரிசைக்கு வந்தார். மொபெட் இல்லை, சட்டைப் பையில் பிளேயர் இல்லை. முதல் வாசலிலிருந்து ஆரம்பித்தார். நான் வீட்டுக்குள் இருந்தேன். வேலைக்குக் கிளம்பியவன் அவர் குரல் கேட்டதும் செருப்பைப் போடாமல் நின்றுவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று நிச்சயமாக நம்பினேன். சொல்லட்டும், சொல்லித் தொலையட்டும் என்றுகூட இருந்தது. டெய்லர் வீட்டுக்கு வந்தபோதுதான் வார்த்தை காதில் விழுந்தது. டெய்லர் ஏதோ மறுத்துப் பேசினார், என் வீட்டுப் பக்கம் கைநீட்டினார் போலிருக்கிறது. அக்கா அதற்குப் பதில் சொல்லாமல் என் வாசலுக்கு வந்துவிட்டார்.

கதவைத் திறந்தேன். அங்கே சொன்னதையே ஒரு சொல் மாற்றாமல் எனக்கும் சொன்னார்.

“கேபிளு இனிமே டவுன்காரங்களுதுங்க. இத்தன நாளு படம் ஒடஞ்சதுக்குத் தப்பு என்றதுங்க. டிஷ் வெச்சப்பவே அதுக்கொரு காயிதம் எழுதி வாங்கியிருக்கோணுமுங்க. வாங்காம உட்டுப்போட்டனுங்க.”

மற்ற வாசல்களில் இதைச் சொன்னதும் நகர்ந்துவிட்டார். என் வாசலில் நகரவில்லை. முகத்தை நேராகப் பார்த்தார்.

“சரிதானுங்களே, சாருங்க?”

“சரிதான்க்கா” என்றேன்.